'எழுப்பிட்டுப் போங்க' என்ற ராஜாத்தி டீச்சர்

ராஜாத்தி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. அன்று காலை முத்துப்பேட்டை மார்க்கெட்டில் இறால் வாங்கிக்கொண்டிருந்தேன். போனைத் திறந்தால், நாங்கள் இருவரும் வேலை பார்த்த பள்ளியின் வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூ வளையம் ஒன்று, நடுவில் டீச்சரின் முகம், கீழே 'மழலையர் கல்வியின் முன்னோடிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. ஏதோ ஆண்டு விழா குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவருக்கு அவசரம் போலிருக்கிறது, டீச்சரின் தோளில் யாருடையதோ ஒரு கை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வளையலைப் பார்த்ததும் அது என் கை என்று தெரிந்தது. "எடை போடவாம்மா, வேணாமா?" என்று இறால்காரம்மா இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். எந்தப் பள்ளி அவரை நடு வருஷத்தில் வெளியே போகச் சொன்னதோ, அதே பள்ளிக்கு இப்போது கண்ணீர் வருகிறதாம். பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அஞ்சலிக் கட்டுரையில் அவர்களுக்கு எதற்கு விளம்பரம்? டீச்சரிடம் எல்.கே.ஜி. படித்து இன்று துபாயிலும் சென்னையிலும் பிழைக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபப்படுகிறவர்கள் தாராளமாகப் படலாம், என் வீடு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் சபுராளிகள், அதாவது 'சபுரு' என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுப் பயணம் போய் சவூதியிலோ துபாயிலோ இருப்பவர்கள். மாடி வீடுகள் எழும்பின. மாடி வந்தால் பிரிட்ஜ் வேண்டும், பிரிட்ஜ் வந்தால் பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்று ஆயிற்று. தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளி திறந்தார்கள். புரட்டாசி வெயிலில் மூன்று வயசுப் பிள்ளைக்கு டை, ஷூ, முட்டிவரை சாக்ஸ். எங்கள் தாளாளர் குவைத்திலிருந்து திரும்பியவர். வாடகைக்குப் பிடித்த வீட்டின் ஹாலை யூ.கே.ஜி. ஆக்கி அதில் என்னை உட்கார வைத்தார். கார் ஷெட்டை எல்.கே.ஜி. ஆக்கி, அதை ராஜாத்தி டீச்சரிடம் கொடுத்தார்.

டீச்சர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம். தாயும் தகப்பனும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். தஞ்சாவூரில் விடுதியில் தங்கி மழலையர் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தார். வந்த முதல் வாரமே ஒரு அம்மா என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த டீச்சர் எந்தத் தெருவுங்க?" என்று கேட்டார். எந்தப் படிப்பு என்று கேட்கத் தோன்றவில்லை, தெருதான் முக்கியம். நான் போய் ராஜாத்தி டீச்சரிடமே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "அடுத்த தடவை கேட்டா என்கிட்ட அனுப்புங்க நூர் டீச்சர், வழியோட சேத்துச் சொல்லிடறேன்" என்றார். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

கார் ஷெட்டை அவர் என்ன செய்தார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரித்தார். வாய்க்கால் களிமண், ரைஸ்மில் உமி, கொட்டாங்கச்சி, அட்டைப்பெட்டி எல்லாம் மூட்டையாக வந்து இறங்கின. கதை சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கு மறந்துபோச்சு, அப்புறம் அந்தக் கொக்கு எங்க போச்சு?" என்று பிள்ளைகளிடமே கேட்பார். ஒரு பிள்ளை கொக்கை அலையாத்திக் காட்டுக்கு அனுப்பும். இன்னொன்று கொக்கைப் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடும். டிக்கெட் யார் எடுப்பது என்று பெரிய சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் எத்தனை வார்த்தை, எத்தனை நியாயம், எத்தனை கணக்கு இருந்தது என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

தாளாளருக்கு அது பிடிபடவே இல்லை. "என்னங்க இது, வகுப்பா களத்துமேடா?" என்று வாசலில் நின்று கேட்டார். "நோட்டுல ஒரு பக்கம்கூட எழுதல. பேரண்ட்ஸ் கேட்டா நான் என்ன காட்டறது?"

"கை மொதல்ல மண்ணைப் பிசையட்டும் சார். விரல்ல வலு வந்தா பென்சிலைத் தானாப் புடிக்கும்" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல."

"வெள்ளைக்காரன் ஊர்ல ஏது சார் நம்ம வாய்க்கா மண்ணு?"

தாளாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, போய்விட்டார். அந்த ஒரு சிரிப்பில் அந்த வருஷத்தின் பாதி ஓடியது. ஆனால் பெற்றோர்களைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் தகப்பனுக்குப் போகும் கடிதத்தில் பிள்ளை ஏ, பி, சி, டி எழுதி வைத்தால்தான் கட்டிய ஃபீஸ் வீணாகவில்லை என்று அர்த்தம். அதனால் தாய்மார்கள் இரவில் பிள்ளையின் விரலைப் பென்சிலோடு சேர்த்துப் பிடித்துத் தாங்களே எழுதினார்கள். அங்கே அந்த மனுஷர்கள் தங்கள் பெண்டாட்டியின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, மகன் அறிவாளி என்று அறைத் தோழர்களுக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்தார்கள். மூன்றரை வயசுப் பிள்ளையின் விரல் நுனி சிவந்துபோய் வகுப்புக்கு வருவதைப் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

என் மகள் நஸ்ரினும் அந்த வருஷம் ராஜாத்தி டீச்சர் வகுப்பில்தான் இருந்தாள். என் வீட்டுக்காரர் அப்போது தம்மாமில். வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்துக்கு அழைப்பு வரும். ரிசீவரை அவள் காதில் வைத்தால் வாய் பூட்டிக்கொள்ளும். "அத்தாவுக்கு ரைம்ஸ் சொல்லு, ஒன் டூ த்ரீ சொல்லு" என்று நானே பக்கத்தில் நின்று கெஞ்சுவேன். ஒரு எழுத்து வராது. அந்தப் பக்கம் அவர் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டே இருப்பார். வகுப்பில் வாயாடுகிற பிள்ளை இப்படி ஆவது ஏன் என்று தெரியாமல் டாக்டரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

ராஜாத்தி டீச்சரிடம் சொன்னேன். மறுநாள் இரண்டு கொட்டாங்கச்சியில் ஓட்டை போட்டு நூல் கட்டி டெலிபோன் செய்து வகுப்பில் போட்டுவிட்டார். யார் எடுத்தாலும் சரி, என்ன பேசினாலும் சரி. இரண்டு நாள் கழித்து என்னை ஜன்னல் ஓரம் கூப்பிட்டார். உள்ளே என் மகள் கொட்டாங்கச்சியை வாயில் வைத்துக்கொண்டு, "நீ பொய்க்காரன். கடைக்குப் போறேன்னுட்டு ஏன் வரல? நான் உங்கூடப் பேச மாட்டேன், போ" என்று கத்திக்கொண்டிருந்தாள். அத்தா கடைக்குப் போயிருக்கிறார் என்று அவளிடம் சொன்னவள் நான்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சபுராளி லீவு முடிந்து கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் தெருக்களில் எழுதாத சட்டம். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி, நாலு பக்கமும் பெயர் எழுதி, சென்னை போகும் வேனில் ஏற்றுவார்கள். எல்லோரும் ஓசைப்படாமல் அழுவார்கள். பிள்ளை விழித்தால் காலைக் கட்டிக்கொள்ளும், கிளம்புகிறவருக்கு மனசு உடையும், அதனால் எழுப்பக் கூடாது. காலையில் எழுந்து கேட்டால் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளை இரண்டு நாள் வாசலைப் பார்க்கும், பிறகு மறந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். பாசத்தில்தான் செய்தோம்.

பிள்ளைகள் எதையும் மறக்கவில்லை என்பதை நாங்கள் கார் ஷெட்டில் பார்த்தோம். ஒரு நாள் அவர்களாகவே ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை அத்தா, ஒரு பிள்ளை அம்மா, மற்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிப் பாயில் படுத்துக்கொள்ள வேண்டும். 'அத்தா' அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் வாசலுக்குப் போவார். படுத்திருக்கும் பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் இறுக மூடிக்கொள்வார்கள். அதுதான் விளையாட்டு. பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். யார் கண்ணைத் திறந்ததை 'அம்மா' பார்த்துவிடுகிறாளோ அவர் அவுட். நான்கு வயசு நிறையாத பிள்ளைகள் இவர்கள். என் மகள் எத்தனை திறமையாகத் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள் என்று பார்த்தபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

டீச்சர் அந்த விளையாட்டைத் தடுக்கவில்லை. ஒரு நாள் தானும் பாயில் படுத்துக்கொண்டார். 'அத்தா' நுனிக்காலில் போகும்போது எழுந்து உட்கார்ந்து, "அத்தா, நான் முழிச்சிருக்கேன். என்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றார். அட்டைப்பெட்டி வைத்திருந்த பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "போயிட்டு வரேன்மா. அழுவாத. பொம்மை வாங்கியாரேன்" என்றான். அவ்வளவுதான், அப்புறம் எல்லோருக்கும் எழுந்து உட்கார வேண்டும், எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும். அன்று மத்தியானம்வரை அந்த அத்தாவால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

அதே வருஷத்தில் ஒரு சின்ன லீவுக்கு என் வீட்டுக்காரர் வந்து கிளம்பும் சமயம், ராஜாத்தி டீச்சர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "எழுப்பிட்டுப் போங்க டீச்சர்." வீட்டில் ஒரு பெரிய ரகளை. என் மாமியார், "புள்ளைய அழவச்சு அனுப்புனா சபுரு வெளங்குமா?" என்றார். என் வீட்டுக்காரரே, "வேணாம் நூரு, என்னால தாங்க முடியாது" என்றார். "உங்களுக்கு முப்பத்திச் சொச்ச வயசு, உங்களால தாங்க முடியாது. அதுக்கு நாலு வயசு, அது தாங்கணுமா?" என்று கேட்டேன். டீச்சர் கேட்கிற மாதிரியே என் வாயில் வந்தது. விடியற்காலை நஸ்ரினை எழுப்பினோம். அழுதாள். காலைக் கட்டிக்கொண்டாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் குனிந்து அவளிடம் என்னவோ காதில் சொன்னார், இன்றுவரை இருவரும் அது என்னவென்று எனக்குச் சொல்லவில்லை. வேன் திரும்பும்வரை அவள் கையாட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூத்தில் ரிசீவரை என்னிடம் தரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

எனக்கு நல்லதாய் முடிந்தது, டீச்சருக்கு அதுவே வினையாயிற்று. விளையாட்டு வீடுகளுக்குப் போனது. "அத்தா கடைக்குப் போகல, பொய் சொல்ற" என்று ஒரு பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். இன்னொரு வீட்டில், கப்பலில் வேலை பார்க்கும் தகப்பன் எப்போது சொல்லிக்கொண்டு போவார் என்று ஒரு பெண் பிள்ளை நச்சரித்திருக்கிறாள். ஒரு காலை ஐந்தாறு தாய்மார்களும், எல்லோருக்கும் சித்தப்பா முறை என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரிய மனுஷரும் பள்ளிக்கு வந்தார்கள்.

"நாங்க மறைச்சு வச்சதை நீங்க ஏன் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குறீங்க? அழவைக்கிறதுக்கா ஃபீஸ் கட்டறோம்?" என்று அந்த மனுஷர் சத்தம் போட்டார்.

டீச்சர் அமைதியாகத்தான் ஆரம்பித்தார். "நான் சொல்லலீங்க. அதுங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு தூங்குற மாதிரி நடிக்குதுங்க."

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?"

அப்போதுதான் டீச்சரின் குரல் உயர்ந்தது. அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "என்ன தெரியும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? நாலெழுத்து எழுதுதான்னு கேக்குறீங்க. என்ன வெளையாடுதுன்னு யாராவது கேட்டீங்களா?"

அன்று மாலையே தாளாளர் கூப்பிட்டார். உமி, களிமண், அட்டைப்பெட்டி எல்லாம் போக வேண்டும். நாளையிலிருந்து பென்சில், கோடு போட்ட நோட்டு, தினம் ஒரு பக்கம். சம்மதமென்றால் இருக்கலாம். டீச்சர், "சம்மதமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் உள்ளே போய்ச் சண்டை பிடித்தேன். "உங்க வகுப்பைப் பாருங்க" என்றார் தாளாளர். நானும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னபோது, "நீங்களும் வந்துட்டா யூ.கே.ஜி.யில அதுங்களுக்கு யாரு இருக்கா? சண்டை போடறதுக்காவது உள்ள ஒருத்தர் வேணும்" என்று அதட்டினார். மறுநாள் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அந்த அட்டைப்பெட்டிகளையும் கொட்டாங்கச்சிகளையும் பின்வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் கார் ஷெட் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். புது டீச்சர் அவர்களை உட்காரச் சொல்லி ஏ எழுத வைத்தார். குறைந்தபட்சம் ஞாயிற்றுக்கிழமை கொளுத்தியிருக்கலாம் என்ற அறிவுகூட ஒருவருக்கும் இல்லை.

டீச்சர் தன் ஊருக்குப் போய் அங்கே மாரியம்மன் கோயில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்தார். சம்பளம் இல்லை, வயிற்றுப்பாட்டுக்குப் பகலில் தையல். நான் போய்ப் பார்த்தபோது அங்கேயும் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வயலில் வேலை குறைந்து, தாய்மாரும் தகப்பன்மாரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பஸ் ஓட்டினார்கள். "எங்க ஊரு சபுரு இது" என்று டீச்சர் என்னிடம் சொன்னார். "உங்க ஊர்ல ஏரோப்ளேன், எங்க ஊர்ல கவர்மெண்ட் பஸ்ஸு. புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பஸ்ஸில் ஏற்றிவிட ஆள் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் என்னையும் கண்டக்டராக்கிவிட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால் பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி இப்போது மூன்று மாடி. பழைய தாளாளர் காலமாகி, மகன் பொறுப்பில் இருக்கிறார். எல்.கே.ஜி. பிள்ளைகளை வெயிலில் வரிசையாகக் கைகட்டி நிற்க வைத்திருந்தார்கள். முதலில் பேசியவர் டீச்சரைப் 'பொறுமையின் சிகரம்' என்றார். அடுத்து வந்தவரும் பொறுமை என்றார். அடுத்தது என் முறை. ராஜாத்தி டீச்சர் பொறுமைசாலி இல்லை. பிள்ளைகளிடம் ஒருநாளும் கோபப்படாதவர், பெரியவர்கள்மேல் தினமும் கோபமாக இருந்தார். அந்தக் கோபத்துக்காகத்தான் அவரை வெளியே அனுப்பினீர்கள், செத்த பிறகு அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்களே என்று மைக்கில் சொன்னேன். கூட்டத்தில் இருமல் சத்தம் கேட்டது.

பிறகு தாளாளர் எழுந்து, இரண்டாம் மாடியில் இருக்கும் விளையாட்டு அறைக்கு ராஜாத்தி டீச்சரின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். கைதட்டல். எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே பிளாஸ்டிக் கட்டைகள், பொம்மைகள், சமையல் செட்டு, எல்லாம் வாங்கிய உறை பிரிக்காமல் இருந்தன. தரை பளபளவென்று சுத்தமாக இருந்தது. பின்னால் வந்த எல்.கே.ஜி. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். "கண்ணாடியைத் தொடாதே" என்றார் ஒரு டீச்சர்.

"அலமாரியைத் திறங்க தம்பி" என்றேன் தாளாளரிடம்.

"சாவி ஆபீஸ்ல இருக்கும் மேடம். இன்னைக்குக் கிளார்க் லீவு."

"பிள்ளைங்க கையில எப்பக் குடுப்பீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது திறப்போம் மேடம்" என்றார், ஒளிக்காமல்.

ராஜாத்தி டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய கோபம். சேலையோ போட்டோவோ நான் கேட்டு வாங்கவில்லை. கோபத்தை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு மறுநாள் காலை பள்ளிக்குப் போய், சாவி எங்கே என்று கேட்டேன். கிளார்க் வரவில்லை என்றார்கள். அதற்கு அடுத்த நாளும் போனேன். கிளார்க் வந்திருந்தார், தாளாளர் வரவில்லை. இன்று தாளாளரே இருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், நீங்க எதுக்கு இந்த வயசுல தினம் அலையறீங்க? போன் பண்ணினா போதாதா?" என்றார். போதாது தம்பி. நாளைக்கும் வருவேன்.